கொலுவேறிய கைக்கணினிகள்

பாடசாலை அதிபர் கனகலிங்கத்துக்கு மூளை இருக்கிறதா என்று யாராவது கேட்டால், கேதீஸ்வரி ரீச்சர் யோசிக்காமல் பதில் சொல்வார்: "இருக்கு. வந்த பெட்டியை இன்னும் பிரிக்கேல்லை." வல்வெட்டித்துறைக்கும் கரவெட்டிக்கும் நடுவில் இருக்கிற பாடசாலை அது. பெயரைச் சொன்னால் பழைய மாணவர் சங்கம் சண்டைக்கு வரும், ஆகவே வேண்டாம். கேதீஸ்வரி அங்கே பதினேழு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறார். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் கதை. கொஞ்சம் என்று சொன்னவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டாதவர்கள்.

போன வருடம் கனடாவிலிருந்து முத்துக்குமாரு என்ற பழைய மாணவர் எட்டாம் வகுப்புக்கு முப்பத்து நான்கு கைக்கணினிகள் அனுப்பினார். பிள்ளைகள் அதை ரப் என்பார்கள். வெறும் வாயை மெல்லுகிற அதிபருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. சொல்வதெழுதல் ரப்பில், கட்டுரை ரப்பில், வீட்டுவேலை ரப்பில். கொப்பிகள் எல்லாம் கச்சான் கடலை சுற்றப் போயின. கொப்பி கொண்டுவந்த இரண்டு பிள்ளைகளை அதிபர் காலைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, "கற்காலம், கற்காலம்" என்று சிரிக்கவும் செய்தார். அவருடைய சிரிப்புக்குச் சிரிக்க நாலு ஆசிரியர்களும் இருந்தார்கள். கூலி இல்லாமலே சிரித்தார்கள், அதுதான் கேவலம்.

ரப் கெட்டது என்று கேதீஸ்வரி ஒருநாளும் சொன்னதில்லை. விஞ்ஞானத்துக்கு இதயம் துடிப்பதைக் காட்டுகிறதா, காட்டட்டும். உலகப் படத்தைச் சுழற்றிக் காட்டுகிறதா, சுழற்றட்டும். ஆனால் தவணைப் பரீட்சை கடதாசியில் வருகிறது, பிள்ளை பேனையால்தான் எழுத வேண்டும். இரண்டாம் தவணையில் முப்பத்து நான்கில் இருபத்தேழு பேர் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். பழி விழுந்தது ரப்பின் மேலா, அதைப் பிடித்துக்கொண்டு ஆடினவர் மேலா? இல்லை. தமிழ் ரீச்சரின் தலையில்.

"கிழமைக்கு ரெண்டு பாடவேளை தாங்கோ சேர்," என்று அதிபரின் அறையில் போய்க் கேட்டார் கேதீஸ்வரி. "பேனையும் கொப்பியும் மட்டும். மிச்ச நேரமெல்லாம் உந்த ரப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

"ரீச்சர், உலகம் எங்கை போகுது, நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"சோதனை மண்டபத்து வாசல்லை நிக்கிறன் சேர். அங்கை பேனையோடைதான் உள்ளை விடுறாங்கள்."

அதிபருக்கு முகம் கறுத்தது. "பேய்க்கதை கதைக்காதையுங்கோ. மூண்டாம் தவணையும் உப்பிடி வந்தால் எட்டாம் வகுப்பை உங்களிட்டையிருந்து எடுத்துப்போடுவன். விளங்குதே?"

எடுத்து யாரிடம் கொடுப்பார் என்பதும் கேதீஸ்வரிக்குத் தெரியும். ஏழு வரி அறிவித்தலை ஒன்பது பிழையோடு ஒட்டுகிற நிருஷன் வாத்தியாரிடம். அந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து கைபிடித்துக் கூட்டி வந்தவர் கேதீஸ்வரி. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் நவராத்திரி வந்தது. பாடசாலையில் வாணி விழா. மண்டபத்தில் கொலுப்படி கட்டி, சரஸ்வதி படத்துக்கு முன் பிள்ளைகளின் கொப்பி, புத்தகம், பேனை எல்லாம் அடுக்கிப் பூசைக்கு வைப்பது வழமை. வைத்ததை விஜயதசமி விடியும்வரை ஒருவரும் தொடக் கூடாது. இந்த வருடம் அதிபருக்கு ஒரு ஞானம் பிறந்தது. படியில் கொப்பி ஒன்றும் வேண்டாம், முப்பத்து நான்கு ரப்பையும் வரிசையாக நிறுத்தினால் படம் எடுத்து ரொறொன்ரோவுக்கு அனுப்பலாமே!

கொப்பிகள் வாசலோடு திரும்பின. ரப்புகள் படியேறின. ஒவ்வொன்றின் கண்ணாடிக்கும் நடுவில் சந்தனம் அப்பி, அதற்குமேல் குங்குமம் வைத்தார் அதிபர், மாப்பிள்ளைக்கு வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து. குருக்கள் ஐயா தீர்த்தம் தெளித்தபோது மட்டும், "ஐயா, மெல்ல, மெல்ல" என்று பதறினார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சுவாமிக்கு வைச்சதை விஜயதசமிக்கு முன்னம் ஆர் தொட்டாலும் அவையின்ரை படிப்பு அதோடை சரி! சொல்லிப்போட்டன்!"

பிள்ளைகள் பயந்து தலையாட்டினார்கள். கேதீஸ்வரியும் ஆட்டினார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முத்துக்குமாரு அடுத்த திங்கள்தான் வருவதாக இருந்தது. யாரோ சொந்தக்காரரின் கலியாணத் திகதி மாற, மனுசன் மறுநாள் காலையிலேயே வாசலில் வான் வண்டியை விட்டு இறங்கினார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஒரு கமெரா. நேரே மண்டபத்துக்கு வந்து நின்றார்.

"எங்கை, பிள்ளையள் ரப்பிலை படிக்கிறதைக் காட்டுங்கோ பாப்பம்!"

அதிபர் கொலுப்படியைப் பார்த்தார். கொலுப்படியிலிருந்து முப்பத்து நான்கு குங்குமப் பொட்டுகள் அவரைப் பார்த்தன. மெல்ல நகர்ந்துபோய் ஒரு ரப்பை எடுக்கக் கையை நீட்டினார். மண்டபமே அலறியது.

"ஐயோ சேர்! படிப்புப் போயிடும்!"

"சீச்சீ, விடுங்கோ கனகலிங்கம்," என்றார் முத்துக்குமாருவும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபடி. "சுவாமி காரியம். எனக்குப் பிள்ளையளின்ரை கைப்பட ஆளுக்கொரு கடிதம் தந்தால் போதும். எங்கடை சங்கத்தின்ரை விருந்திலை பெரிசாக்கி மாட்டப்போறன். கையாலை எழுதினால் அதிலை ஒரு உயிர் இருக்கெல்லோ?"

பார்த்தீர்களா ஆளை! எழுதவே தேவையில்லை என்று கருவி அனுப்பினவர் இவர். இப்போது சுவரில் மாட்டி அழகு பார்க்கக் கையெழுத்து வேண்டுமாம். அந்த உயிர் போய் முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்துவிட்டது ஐயா என்று சொல்லக் கேதீஸ்வரிக்கு நாக்குத் துடித்தது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிப்போய், அலுமாரியிலிருந்து கடதாசியையும் பேனைகளையும் எடுத்துக் கொடுத்து, கால் மணித்தியாலம் தந்தார்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். வகுப்பில் ஒரு பேனையும் அசையவில்லை. கை பழகவில்லை, மெதுவாக எழுதுவார்கள் என்றுதான் ரீச்சர் நினைத்திருந்தார். முன் வரிசை வாங்கில் நிரோஜா இருந்தாள். வகுப்பில் முதலாம் பிள்ளை, ரப்பில் இரண்டு பக்கக் கட்டுரையை அரை மணியில் தட்டி முடிக்கிறவள். அவளுடைய கடதாசியில் இவ்வளவுதான் இருந்தது: "அன்புள்ள ஐயா, நாங்கள் நலம். நீங்கள்". பேனையைப் பிடித்தபடி கடதாசியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?"

"அடுத்த சொல் வரேல்லை ரீச்சர்."

"எங்கையிருந்து வரவேணும்?"

நிரோஜா விரலால் கடதாசியின் அடியைத் தொட்டுக் காட்டினாள். "ரப்பிலை இதிலை மூண்டு சொல் வரும் ரீச்சர். நாங்கள் அதிலை ஒண்டைத் தொடுறனாங்கள்."

கேதீஸ்வரிக்கு அதிபர் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது. ஒரு வருடமாகக் கை, கை என்று கத்திக்கொண்டு திரிந்தவர், பிள்ளைகளுக்குச் சொல்லே நின்றுபோனதைக் காணவில்லையே. நீயும் ஒரு ரீச்சரா என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

நேரம் முடிந்தது. முப்பத்து நான்கு கடிதங்களில் முப்பது "நீங்கள்" என்ற இடத்திலோ, அதற்கு ஒரு சொல் முன்பின்னாகவோ நின்றன. அதிபர் வாங்கிப் பார்த்து வேர்த்துக் கொட்டினார். முத்துக்குமாரு ஐந்தாறைப் புரட்டினார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைத் துடைத்தார்.

"பாத்தியளே கனகலிங்கம்! நீங்கள் எண்டு தொடங்கிப்போட்டு, நன்றி சொல்ல வார்த்தை வராமல் பிள்ளையள் தவிச்சுப்போட்டுதுகள்!"

"ஓம் அண்ணை, ஓம். உணர்ச்சி. எல்லாம் உணர்ச்சி," என்றார் அதிபர், போன உயிர் திரும்பி வந்தவராக.

கோதாரி! இப்படியும் ஒரு மனிதர் தன்னைத்தானே மெச்சிக்கொள்ள முடியுமா? கேதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நிமிர்ந்திருந்தால் வாய் அவர் சொல்லைக் கேட்டிருக்காது.

போகமுன் வருகையாளர் பதிவேட்டில் நாலு வரி எழுதுவது முறை. அதிபர் அதைத் தாம்பாளத்தில் வைக்காத குறையாக நீட்டினார். உதவி செய்கிறவர் அதில் எழுதினால் அதிபருக்கு அது வேதவாக்கு. போன வருடம் ஒருவர் "வாசலில் பூமரம் நல்லது" என்று எழுதப்போய், மழையிலும் குடை பிடித்துத் தண்ணீர் ஊற்றுவித்தவர் அவர். முத்துக்குமாரு பேனையை எடுத்தார். "இன்று" என்று எழுதினார். பேனை அந்தரத்தில் நின்றது. நிரோஜாவின் பேனை நின்ற அதே நிலை.

"முப்பது வருசமாத் தமிழ் எழுதேல்லை பாருங்கோ," என்று வழிந்தார். "எல்லாம் போனுக்கு வாயாலை சொல்லுறதுதான். ரீச்சர், நீங்களே எழுதிவிடுங்கோ. பிள்ளையளுக்கு எது நல்லதெண்டு உங்களுக்குத்தானே தெரியும். நான் சைன் வைக்கிறன்."

கேதீஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "இன்று" என்பதற்குப் பக்கத்திலிருந்தே உருண்டை எழுத்தில் எழுதினார்: "இன்று எட்டாம் வகுப்பினர் எழுதிய கடிதங்களைப் பார்த்தேன். முப்பத்து நான்கில் முப்பது முடிக்கப்படவில்லை. கிழமைக்கு இரண்டு பாடவேளை கைக்கணினிகளைப் பூட்டிவைத்து, பேனையால் கொப்பியில் எழுதப் பழக்க வேண்டும். ஒவ்வொரு தவணையும் ஒவ்வொரு பிள்ளையின் முழுக் கடிதம் எனக்கு வந்துசேர வேண்டும். அவற்றைப் பார்த்தபின்பே அடுத்த உதவி." கடைசி வரியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு முற்றுப்புள்ளியை நன்றாக அழுத்தி வைத்தார்.

"வாசிச்சுக் காட்டட்டே ஐயா?"

"வேண்டாம் வேண்டாம், கலியாண வீட்டுக்குப் பிந்துது. ஆனாலும் என்ன வடிவான எழுத்து!" முத்துக்குமாரு கடைசி எழுத்தின் வாலை இழுத்து ஆங்கிலத்தில் கையொப்பமிட்டார். கடிதங்களைப் பிறகு கட்டி அனுப்பச் சொல்லிவிட்டு, பக்கத்தைக் கமெராவில் படமும் பிடித்துக்கொண்டு வானில் ஏறினார்.

வான் மறைந்தபிறகுதான் அதிபர் பதிவேட்டை வாசித்தார்.

"உதென்ன ரீச்சர்? உது அவர் சொன்னதே?"

"பிள்ளையளுக்கு நல்லதை எழுதச் சொன்னார், எழுதினன். கையொப்பம் ஆரின்ரை சேர்?"

"நான் இந்தப் பக்கத்தைக் கிழிப்பன்!"

"கிழியுங்கோ. அவர் படம் பிடிச்சுக்கொண்டு போயிட்டார். விருந்திலை பெரிசாக்கி மாட்டுவார் போலை கிடக்கு."

அதிபர் கிழிக்கவில்லை. விஜயதசமி முடிந்து அடுத்த புதன்கிழமை, பாட நேரசூசியில் எட்டாம் வகுப்பின் இரண்டு கட்டங்கள் பேனைக்கும் கொப்பிக்குமாக மாறியிருந்தன. கேதீஸ்வரி ரப்புகளை அலுமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதியில் நின்ற கடிதங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். "முடியுங்கோ," என்றார்.

நிரோஜா இருபது நிமிடம் சும்மா இருந்தாள். பேனை மூடியைக் கடித்தாள். ஒருமுறை அழப் பார்த்தாள். ரீச்சர் யன்னலோரத்தில் நின்றபடி, கிட்டப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டார். மணி அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது பிள்ளை குனிந்து எழுதத் தொடங்கினாள். கோணல்மாணல் எழுத்து, இரண்டு இடத்தில் வெட்டியும் இருந்தது.

"அன்புள்ள ஐயா, நாங்கள் நலம். நீங்கள் ஏன் எங்களுக்குக் கையால் ஒரு கடிதமும் எழுதவில்லை?"

கேதீஸ்வரி அதை இரண்டுதரம் வாசித்தார். கனடாவுக்குப் போகிற கடிதக் கட்டில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.