நடுவில் வந்த பூதம்

கூடாரத்துக்குள் விளக்கு அணைந்ததும், பெண்கள் பக்கத்தில் எல்லோரும் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு மறுபடி அழுவதற்கு வாகாக உட்கார்ந்தோம். ஒரே மிஷினை வைத்து ஓட்டுகிற டூரிங் டாக்கீஸ் அது. ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கும் சோடாவும் வரும். போன ரீல் முடிந்த இடத்தில், கதாநாயகியை அவள் மாமியார் கைக்குழந்தையோடு தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். மழை வேறு. அந்தப் பச்சை உடம்புக்காரி இனி எங்கே போவாள் என்று நாங்கள் திரையைப் பார்த்தால், கடல் தெரிந்தது.

நடுக்கடலில் தண்ணீர் கொதித்தது. அதற்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. உடும்பின் மூஞ்சி, யானையின் தோல், முதுகு நெடுகக் கள்ளி முளைத்தாற்போல முள். அது கரையேறி நின்றபோது மாடி வீடுகள் அதன் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெரிய பாலத்தைக் கீரைத்தண்டு மாதிரி முறித்துப் போட்டது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தது பாருங்கள், நான் உட்கார்ந்திருந்த மணலே அதிர்ந்தது. ‘விரைவில் வருகிறது’ என்று எழுத்துகள் திரையை அடைத்துக்கொண்டு வந்தன. அத்தோடு சரி.

ஆண்கள் பக்கத்தில் விசில் பறந்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவரைத் தாண்டி முன்வரிசைக்காரர்கள் சிலர் எங்கள் மேலேயே வந்து விழுந்தார்கள். வண்டிமாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற பிச்சை, கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, முளைக்குச்சி தடுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டு அடைக்கலமேரி சிலுவை போட்டது போட்டபடி இருந்தாள். என் கொழுந்தன் சேவுகன் மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டு விழுந்தது தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றதைத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன். மாமியார் கண்ணாத்தாள் என் கையில் பத்து நகத்தையும் பதித்திருந்தார். சேவுகனின் புதுப்பெண்டாட்டி செவந்தி மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. ஊருக்குப் போன ஆளைத் தூரத்தில் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

“ஏ மூக்காயி, அந்த மாமியாக்காரி வீடு நொறுங்குச்சா, பாத்தியா?” என்று என் காதில் கேட்டார் மாமியார்.

அதற்குள் பழைய கதை தொடங்கிவிட்டது. கதாநாயகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தாலாட்டுப் பாடினாள்.

“என்னடி இது, ஊரே சட்டினியாக் கெடக்கு, இவ பாட்டுப் படிக்கிறா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால், செவந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. தை மாசம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், அன்றைக்குத்தான் சிரித்தாள்.

சிரித்தாள் என்பதை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு ‘ம்’ அல்லது ‘ம்ஹூம்’. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் புருசனோடுகூட ஒரு பேச்சுக் கிடையாது. “அவளுக்கு இந்த வீடு புடிக்கலை. என் மகனையும் புடிக்கலை. கல்லோட எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துவான்?” என்று மாமியார் சொல்லத் தொடங்கியிருந்தார். எங்கள் பக்கத்தில் முதல் ஆடிக்குப் பெண்ணைக் கூட்டிப்போக அப்பன் வருவான். அனுப்பும்போது மாமியார் ‘ஆவணி பொறந்ததும் கொண்டாந்து விடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது வாயில் வராவிட்டால் பெண் அங்கேயேதான். பிறகு பெரியவர்கள் கூடிக் கல்யாணத்தை அத்துவிடுவார்கள். “நான் சொல்ல மாட்டேன்” என்று மாமியார் சேவுகன் காதுபடவே சொல்லியிருந்தார். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மறுநாள் முந்திரிக் கொல்லையில் வேறு பேச்சே இல்லை. பழம் பொறுக்கிக் கொட்டையைத் திருகிக் கூடையில் போடுகிற கை பாட்டுக்குப் போட்டது, வாயெல்லாம் பூதந்தான். கந்தர்வக்கோட்டைச் சந்தைக்குப் போகிற ஆட்கள்கூட நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

“அது ரப்பருல செஞ்சது. உள்ள ஆளு இருக்கான்” என்றார் பிச்சை, நொண்டிக்கொண்டே.

“ரப்பரைப் பாத்துட்டுத்தான் வேட்டி அவுந்தது தெரியாம ஓடுனீங்களாக்கும்” என்றாள் அடைக்கலமேரி. “வேதத்துலயே இருக்கு, கடல்லருந்து மிருகம் ஏறி வரும்னு. உலகம் முடியப்போவுது.”

“முடியட்டும், இந்த வருசக் கொட்டைய வித்துட்டு முடியட்டும்” என்றான் ராக்கன். “கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டுக்காரரு சொல்றாரு, ஆழத்துல அதவிடப் பெருசெல்லாம் கெடக்காம். வலையில மாட்டுனா அறுத்துவிட்டுட்டு வந்துருவாகளாம்.”

மாமியார் எல்லோரையும் கையமர்த்தினார். “ஒங்க யாருக்கும் கதை வெளங்கலை. அவளைக் கொட்டுற மழையில வெளிய தள்ளுனாகள்ல? அவ வயித்தெரிச்சல்தான் பூதமா வந்துச்சு. ஊரையே அழிச்சிருச்சு. அதை நடுவுல காட்டிப்புட்டு அப்பறம் மறந்துட்டான், படம் புடிச்சவன்.”

“அப்ப ஒன் வீட்டுக்கும் வரும், தயாரா இரு” என்றாள் அடைக்கலமேரி. “நீயும் ஒருத்திய அனுப்பத்தானே நாள் பாக்குறே?”

அடைக்கலமேரிக்கே சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். மாமியார் முகம் சிறுத்துவிட்டது. அந்தப் பெரிய மனுசியை அத்தனை பேர் நடுவில் அப்படிப் பார்க்கச் செவந்திக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் அவ்வளவு நாள் காத்ததை அந்த இடத்தில் அவிழ்த்திருக்க மாட்டாள்.

“அ... அ... அத்தே,” என்றாள். “அது வே... வே... வே...”

சொல் தொண்டையிலிருந்து ஏறி உதடு வரைக்கும் வந்து, வாசலில் நின்றுவிட்ட மாடு மாதிரி அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “வேற படம். இ... இனிமே வ... வரப்போறது.”

ஒரு முந்திரிப்பழம் உதிர்ந்தது. செவந்தி கொட்டைப்பால் பட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பால் பட்டால் தோல் வெந்துவிடும்.

சாயங்காலம் வீட்டில் மாமியார் பெரிய சத்தம் போட்டார்.

“சம்பந்தி ஆண்டியப்பன் என்னைய நல்லா ஏமாத்திப்புட்டாரு. திக்குற பொண்ணை மறைச்சுக் கட்டி வச்சுட்டாரு. ஆடிக்கு வரட்டும், பெரியவுகளை வச்சே கேக்குறேன்.”

செவந்தி அடுப்படியில் உதட்டில் நல்லெண்ணெய் தடவியபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் சிவந்திருந்தது. சேவுகன் வந்தான், எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டான். சாப்பிட்டுவிட்டுக் கயிறு திரிக்க நாரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம். வாயில்லாதவள் அவள் என்றார்கள். இவனுக்கு இருக்கிற வாய் எதற்கு?

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். ஊரில் பூதப் பேச்சு ஓயவில்லை. சேவுகன் அடுப்படி வாசல் வரைக்கும் வந்து நின்றான்.

“மதினி, எல்லாரும் பூதம் பூதங்குறாக. எப்படித்தான் இருந்துச்சு அது? நான் பாக்கலை. சோடா குடிக்க வெளியில போயிட்டேன்.”

எனக்கு வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றவன்! ஆனால் அவன் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டான்.

“எனக்குப் பாதி மறந்துபோச்சு தம்பி,” என்றேன். “செவந்திதான் கண்ணு கொட்டாமப் பாத்துச்சு. அதைக் கேளு.”

வாசலில் கயிறு திரித்துக்கொண்டே அவன் உட்கார, நிலைப்படியில் அவள் உட்கார்ந்தாள். நான் உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் மூலையில் வெற்றிலையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தார்.

“க... க... கடலு,” என்று தொடங்கினாள்.

“ம்.”

“த... தண்ணி கொ... கொ...”

நான் சுளகை நிறுத்திவிட்டேன். ‘கொதிச்சுச்சு’ என்று எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்குத் துடித்தது. அவன் எடுத்துக் கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. நாரை மட்டும் மெதுவாகத் திரித்துக்கொண்டிருந்தான். அவள் சொல் நிற்கிற இடத்தில் அவன் கையும் நின்றது. அவள் நகர்ந்ததும் கை நகர்ந்தது. அவசரமே இல்லை அவனுக்கு. பூதம் கடலிலிருந்து எழுந்து நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. சினிமாவில்கூட அது அவ்வளவு பெரிதாக இல்லை.

“எல்லாரும் ப... பயந்தாக. எனக்குப் பா... பாவமா இருந்துச்சு.”

“ஏன்?”

“அது என்னமோ சொ... சொல்ல வருது. யா... யாரும் நின்னு கேக்கலை. ஓ... ஓடுறாக.”

சேவுகன் கை நின்றது. இந்தத் தடவை அவள் பேச்சு நிற்காமலே நின்றது.

“நான் ஓடலை,” என்றான்.

“நீ... நீங்கதான் பா... பாக்கவே இல்லையே?”

அவன் குனிந்து நாரில் சிக்கு எடுத்தான். அவள் மேலே சொன்னாள். மாடி வீடு நொறுங்கியது, ஜனங்கள் ஓடியது, எல்லாம் வந்தது. கடைசியில் அது எங்களைத் திரும்பிப் பார்த்ததற்கு வந்துவிட்டாள்.

“பாலம் எங்கடி?”

மூலையிலிருந்து குரல். வெற்றிலை மென்றபடி, இன்னமும் சுவரைப் பார்த்தபடி.

“அம்மாம் பெரிய பாலத்த முறிச்சுச்சு. அதை விட்டுட்டுப் போறே?”

செவந்தி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

“ம... மறந்துட்டேன் அத்தே,” என்று பாலத்துக்குத் திரும்பிப் போனாள்.

“எப்படிக் கத்துச்சு?” என்று சேவுகன் கேட்டதும் எழுந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகி மூச்சை இழுத்தாள். ஒரு தடங்கல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி வீடு முழுக்க நிறைந்து தெருவுக்குப் போயிற்று அந்தச் சத்தம். பட்டியில் ஆடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. “யேசுவே!” என்ற அலறலோடு அடுத்த வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

“மெதுவாடி!” என்று மாமியார் இந்தப் பக்கம் திரும்பியே விட்டார். “செனை ஆடு நிக்கிது.”

ஆனியில் லைசென்சு முடிந்து டாக்கீஸ்காரன் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பூதப்படம் கடைசி வரைக்கும் எங்கள் ஊருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் வீட்டில் ஓடியதற்கு ஈடாகியிருக்காது. சேவுகனுக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு சந்தேகம் வரும், வாசலில் உட்கார்ந்துகொள்வான். ஆனால் மாமியார் மனசு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. “என்ன அத்தே செய்யப்போறீக?” என்று நான் கேட்டேவிட்டேன். “ஏன், நீ சொல்லித் தரப்போறியா?” என்றார்.

ஆடி முதல் வெள்ளிக்குச் சம்பந்தி ஆண்டியப்பன் வந்தார். பலகாரத் தட்டை வைத்துவிட்டு, தப்புச் செய்தவர் மாதிரி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். விசயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. செவந்தி மூட்டையோடு கதவோரம் நின்றாள். சேவுகன் கொட்டிலில் நின்றுகொண்டு, அவிழ்த்த மாட்டையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

“அப்ப வாரோம் தங்கச்சி. பஸ்ஸு வந்துரும்,” என்றார் ஆண்டியப்பன். சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். நாங்களும்தான்.

மாமியார் அவரைப் பார்க்கவே இல்லை.

“ஏத்தா செவந்தி,” என்றார். “ஆவணியில நீ இங்கிட்டுத் திரும்பி வர்றியா, இல்ல அங்கிட்டே இருந்துக்கிறியா? ஒன் மனசுல என்ன இருக்கு?”

“வருவா தங்கச்சி, அவளுக்கு இங்கதான் இஷ்டம், அவ எதுக்கு...” என்று ஆண்டியப்பன் படபடவென்று தொடங்கினார்.

“நீங்க சும்மா இருங்கண்ணே. பொண்ணுப் பாக்க வந்தப்பவும் இப்படித்தான் முந்திக்கிட்டீக. கேட்டது அவளை.”

செவந்தி மூட்டையைக் கீழே வைத்தாள். சேவுகன் கொட்டில் வாசலுக்கு வந்து நின்றான். அவள் வாயைத் திறந்தாள். சொல் ஏறியது, உதட்டில் வந்து நின்றது. ஆண்டியப்பனின் உதடு தன்னையறியாமல் அந்தச் சொல்லைக் கூட்டத் தொடங்க, அவரே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நின்று, இன்னொரு தரம் அடித்துவிட்டு, பஸ் கிளம்பிப் போயிற்று. அது கிளப்பிய செம்புழுதி வேலியைத் தாண்டி வந்து முந்திரி இலைகள் மேல் மெதுவாக இறங்கியது. மாமியார் கன்னத்தில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். செவந்தி இரண்டாவது எழுத்துக்கு வந்திருந்தாள்.