அளவையார் தம் மனையை அளந்த நாள்

நெய்யாற்றின்கரையை விட்டுத் தெற்கே இறங்கும் நெடுஞ்சாலை, இரப்பர்த் தோப்புகளையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து, தனுவச்சபுரத்துக் கல்லூரிக்கு மாணவர்களைச் சுமந்து செல்லும் பேருந்துகளுக்கு வழிவிட்டு, இரு மாநிலங்கள் தோளுரசி நிற்கும் பாறசாலையை அடையும் இடத்தில், மழை ஓய்ந்த ஆனி மாதக் காலையொன்று ஈர ஓடுகளின்மேல் இளவெயிலைப் பரப்பியிருந்தது. அச்சாலையோரத்து ஓட்டுக் கட்டடத்தில்தான், அறிவுசால் படிப்போரே, விமலகுமாரியும் அவருடைய தொழில் கூட்டாளி சதாசிவனும் இருபது ஆண்டுகளாக நில அளவை நிறுவனம் நடத்திவந்தனர்.

எல்லை வழக்கொன்று வந்தால், அளவுநாடாவின் இரு முனைகளையும் வழக்காடும் இருவர் கையிலேயே கொடுத்துவிடுவது அவர்களது நெறி. தானே பிடித்து அளந்ததை எவரும் பின்னர் மறுக்க மாட்டார் அல்லவா? வேலியை நம்பாதீர், எல்லைக்கல்லைத் தேடுங்கள் என்று ஊர் முழுவதற்கும் ஓதியவர்களும் அவர்களே.

இப்போதோ வழக்கு அவர்களுக்குள்ளேயே எழுந்துவிட்டது. கூரை ஒழுகி வரைபடம் ஒன்று பாழானதும், நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தருகே ஒரு மாடியை வாடகைக்குப் பார்த்துவிட்டார் விமலகுமாரி. கூரையை மாற்றி, பின்புறம் ஓர் அறையைக் கூட்டிக் கட்டினால் போதும் என்றார் சதாசிவன். மூன்று நாளாக இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஆயினும் இவ்வழக்கில் மிகுதியாக இழக்கவிருந்தவள், வாயே திறவாத ஊழியர் ரெஜிலாதான். வரைபடம் தீட்டுவதில் அவளுக்கு நிகர் அவ்வட்டாரத்தில் இல்லை. நண்பகல் உணவு இடைவேளையில் பின்தெருவிலுள்ள வீட்டுக்கு ஓடி, எட்டு மாதக் குழந்தைக்குப் பாலூட்டி, அரைமணியில் திரும்பிவிடுவாள். நெய்யாற்றின்கரையிலிருந்து அவ்வாறு ஓடிவர இயலாது. நிறுவனம் பெயர்ந்தால் வேலையை விடவேண்டியதுதான். அதை வாய்விட்டுச் சொல்லக் கூசி, அவள் கரிக்கோலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

"பின்னால எடம் எங்க உண்டு அண்ணா? வேலிவர ஆறடி. ஒரு மேசை போட்டா ஆள் நிக்க முடியாது," என்று நான்காம் நாள் காலை பேச்செடுத்தார் விமலகுமாரி.

"அளந்து பாப்போம். ஒரு முனைய நீ பிடி, மறு முனைய நான் பிடிக்கேன்."

நெறி நெறிதானே! அறுபதை எட்டிய சதாசிவனும் ஐம்பதைக் கடந்த விமலகுமாரியும் ஆளுக்கொரு முனையைப் பற்றிப் பின்புறம் சென்று கல்லைத் தேடினர். வேலியடியில் கல்லே இல்லை. நிறுவனம் திறந்த நாளில், திருச்சபை ஆயரின் வேண்டுதலும் குத்துவிளக்கேற்றலும் பத்து மணிக்குள் முடியவேண்டுமென்ற பரபரப்பில், பிறகு சரிசெய்யலாமென்று கண்ணளவில் வேலியைக் கட்டிவிட்டு, அதை அடியோடு மறந்துபோனது அப்போதுதான் சதாசிவனுக்கு நினைவுக்கு வந்தது.

வேலிக்கு அப்பால் மரச்சீனி என்னும் மரவள்ளிக்குக் களை பறித்துக்கொண்டிருந்த அண்டைவீட்டுப் பொன்னப்பன் நிமிர்ந்தார்.

"மக்கா, கல்லு இந்த அயனி மூட்டுலயாக்கும் கெடக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும். ஊருக்கெல்லாம் அளக்குற ஆளுக என்னைக்காவது அளந்து வருவீங்கன்னு பாத்திருந்தேன். சும்மா கெடக்க வேண்டாமேன்னு கெழங்கு நட்டேன்."

அயனி மரத்தின் அடியில் கல் இருந்தது. சுவரிலிருந்து பதினேழு அடி. ஆண்டுதோறும் பொன்னப்பன் கூடை நிறைய அனுப்பிய மரச்சீனியை வேகவைத்துத் தின்று, அவருடைய பெருந்தன்மையை இருவரும் மனமாரப் புகழ்ந்துவந்திருந்தனர். தம் நிலத்துக் கிழங்குக்கே இத்தனை காலம் நன்றி சொன்னதை எண்ணியதும் விமலகுமாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் பிணக்கு அந்தச் சிரிப்போடு போயிற்று. நாடாவைச் சுருட்டியவர், மாடிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, தாம் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

புதிய அறைக்கு வரைபடம் தீட்டுமாறு பணித்தபோது, ரெஜிலா மகிழ்ச்சி தாளாமல் அழுதாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் செய்தி அப்போதுதான் வெளிவந்தது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று விமலகுமாரி கடிந்துகொண்டார்.

"சொல்லியிருந்தா அளக்காமலே இங்க நின்னிருப்பீங்க அக்கா," என்றாள் அவள். "எனக்காக நிக்க வேண்டாம், எடம் இருந்தா நிக்கட்டும்னு நெனச்சேன்."

அன்று நண்பகலில் அவள் வீட்டுக்கு ஓடவில்லை, நடந்தே சென்றாள். மாலையில் வரைபடம் ஆயத்தமாயிற்று. பிறர் மனைகளைப் பிழையின்றி அளந்தோர் தம் மனையில் பிழைத்ததற்குப் பெற்ற தண்டனை பதினோரு அடி நிலமெனின், அத்தகைய பிழை எல்லார்க்கும் வாய்க்கட்டும். புதிய அறையின் சுவரைக் கல்லுக்கு மூன்றடி முன்னதாகவே நிறுத்தி, எஞ்சிய கீற்றில் 'பொன்னப்பன் மரச்சீனி' என்று தன் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தாள் ரெஜிலா. இருவரும் அதைப் படித்தனர். அப்படியே ஒப்பமிட்டனர்.