முக்கால் போதும்

1

இந்தக் கதை அக்காவின் பித்தப்பையில் தொடங்கியது. அழகான தொடக்கம் ஒன்றும் எழுதிப் பார்த்தேன். "அறுவை அரங்கின் விளக்கு நிலவைப் போல..." வேண்டாம். அது விளக்கைப் போலத்தான் இருக்கும்.

நான் வேதியியல் படித்தவள். மயக்க மருத்துவருக்கு உதவியாளர். மருந்துகளை ஊசியில் ஏற்றி, பெயர் ஒட்டி, தட்டில் அடுக்குவது என் வேலை. எங்கள் டாக்டரம்மா நோயாளியின் எடையைக் கேட்டு, ஃபென்டனில் என்ற வலி மருந்தின் அளவைக் கணக்கிடுவார். பெண் என்றால் கூடவே வரும்: "முக்கால் போதும்."

2

டாக்டரம்மாவைக் கெட்டவராக எழுதினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அவர் மயங்கிக் கிடப்பவரின் பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவர். அதனால்தான் ஏன் முக்கால் என்று நான் கேட்டதே இல்லை.

(அதனால் இல்லை. என் வாய் அப்படி. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட வேறு யாராவது மணியடிக்கட்டும் என்று காத்திருப்பேன்.)

முன்பு வேறோர் இடத்தில் அக்காவுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. கண் விழித்ததுமே வலியில் துடித்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றார்கள். இந்த முறை எங்கள் அரங்கு. வரும் வழியில், "இப்பவும் அப்படி வலிக்குமாடி?" என்று கேட்டாள். கட்டிய கணவரான மாமாவே பார்த்துப் பயப்படும் அக்கா அவள்.

3

கதைக்காக நான் எழுதிய காட்சி: நான் நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில்...

அடித்துவிட்டேன். நடந்தது இது. மேசையில் படுத்திருந்த அக்கா பேசினாள்.

"டாக்டர், இவ காலையிலேருந்து எதையோ மென்னு முழுங்கிட்டு இருக்கா. என்னைத் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி என்னன்னு கேட்டுடுங்க."

"என்னம்மா?"

"ஏன் டாக்டர் முக்கால்?" ஊசியிடம்தான் கேட்டேன்.

"பொம்பளைங்களுக்கு அப்புறம் வாந்தி ஜாஸ்தி வருது. அதான்."

"வாந்திக்குத் தனியா மருந்து இருக்கே டாக்டர்."

டாக்டரம்மா தட்டைப் பார்த்தார். வாந்தி மருந்து அங்கேயே இருந்தது. தினமும் இருக்கும்.

"எனக்குச் சொல்லிக் குடுத்தவர் அப்படித்தான் குடுப்பார்," என்றார். பிறகு, "முழுசா ஏத்து. நாடி, பிரஷர் பாத்துப் பாத்துக் குடுக்கிறேன்."

"கேட்டுட்டா," என்றாள் அக்கா. "இனிமே நான் தூங்கலாம்."

4

விழித்ததும் அக்கா மாமாவைத் தேடினாள். வந்தவரைச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டதற்காகத் திட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

(அறிவியல் படித்த பாவத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். அக்கா ஒருத்தியின் உடம்பு எதையும் நிரூபிக்காது. வேறொருத்திக்கு முக்காலே சரியாக இருக்கலாம். அவளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.)

5

மறுநாள் முதல் நோயாளியும் ஒரு பெண். டாக்டரம்மா எடையைக் கேட்டார், கணக்குப் போட்டார். "சரி, இவங்களுக்கு..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார்.

அவர் திருந்திவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன். பாடப்புத்தக வாடை அடித்தது. மறந்துவிட்டதாக இன்னொன்று. அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முக்கால் என்று முடிப்பதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். நான் ஏன் என்று கேட்பேன்.