எருமையிடம் சொன்ன சேதி

மேனாம்பேட்டில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் பரந்தாமனின் அண்ணி பூங்காவனம், இளையவள் அவன் மனைவி தாட்சாயிணி. இரண்டு பேருக்கும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை. ஆடிக் கூழுக்கு அம்மன் கோயிலுக்கு யார் பானை சுமப்பது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் மூண்ட சண்டை. அதிலிருந்து மூத்தவள் சொல்லவேண்டியதையெல்லாம் கொட்டிலில் நிற்கும் எருமைக்குச் சொல்லுவாள். இளையவள் பதிலை அம்மிக்குச் சொல்லுவாள். எருமைக்கு மட்டும் மானம் இருந்திருந்தால் என்றைக்கோ கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பத் தொடங்கிய அந்த வருஷம், ஐப்பசியில், திருவேற்காட்டில் தாட்சாயிணியின் அம்மா படுத்த படுக்கையானாள். முடியாமல் போனால் உடனே ஆள் அனுப்புகிறேன் என்று அண்ணன் ஜம்புலிங்கம் சொல்லியிருந்தான். கண்ணை மூடுவதற்குள் அம்மாவின் தலையை மடியில் வைத்து வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்றவேண்டும். தாட்சாயிணிக்கு வேறு நினைப்பே இல்லை. வாசலில் நிழல் தட்டினாலும் எழுந்து ஓடினாள்.

பூங்காவனத்துக்கு இது போதாதா?

"இன்னா எருமே, ஆத்தாக்காரி இன்னும் இழுத்துகினு கீறாளாமே. வேல செய்யாம இருக்க சிலபேருக்கு நல்ல சாக்கு."

தினமும் இதே பாட்டு. சாகக்கிடக்கிற கிழவியை வைத்துக்கூட ஒருத்தி வம்பளக்க முடியுமென்றால் அந்த நாக்கை என்ன சொல்ல? தாட்சாயிணி காதில் வாங்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் உச்சிவேளையில் கழனியில் களை பறித்துவிட்டுத் திரும்பினாள். பரந்தாமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பூங்காவனம் தொட்டியில் தவிட்டைக் கலக்கியபடி எருமையிடம் சொன்னாள்:

"ஆத்தாக்காரிக்கு மேல்மூச்சு வாங்குதாம். ஒடனே வரச் சொன்னாங்களாம். போறவ போவட்டும்."

தாட்சாயிணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். நிஜமாக இருந்தால் இவர் சொல்லமாட்டாரா? வழக்கமான வம்புதான் என்று தீர்மானித்து, "அந்த நாக்கு அழுவிப் பூடும்" என்று அம்மிக்குச் சொல்லிவிட்டு மிளகாய் அரைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் விடிந்ததும் சாவுச் சேதி வந்தது. கொண்டுவந்தவன் ஜம்புலிங்கத்தின் வண்டிக்காரன் வேம்புலி.

"நேத்தே வந்து சொல்லிட்டுப் போனேனேம்மா. உன் பேரச் சொல்லிகினே, வாசலப் பாத்துகினே கெடந்தாங்க" என்றான்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தாட்சாயிணி ஓரகத்தியின் எதிரே போய் நின்றாள்.

"ஏன் என்னாண்ட சொல்லலே?"

"சொன்னேனே. காதுல வாங்காதவங்களுக்கு நான் இன்னா பண்றது" என்றாள் பூங்காவனம், அப்போதும் எருமையைப் பார்த்தபடி.

தாட்சாயிணி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வேம்புலி வந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

பரந்தாமன் துண்டை உதறித் தோளில் போட்டான். "வந்தப்ப நானுந்தான் இருந்தேன். அண்ணி சொல்லிச்சு, நீயும் கேட்டுகினுதானே இருந்தே. பொம்பளைங்க விவகாரத்துல நான் எதுக்கு வாய் வெக்கணும்னு வுட்டுட்டேன்."

தப்புச் செய்தவனின் முகம்கூட இல்லை அது. வாய் வைக்கவில்லையாம். சோற்றில் மட்டும் நன்றாக வைத்தான். பூங்காவனத்தின் மேல் அவளுக்கு வந்தது கோபம். இவனைப் பார்க்கப் பார்க்கக் குமட்டியது. இந்த வாயோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று இருந்தது. பேச்சு வராத பிராணி மேல்கூட இவ்வளவு அருவருப்பு வராது.

"கெளம்பு, எடுக்கறதுக்குள்ள போயிடலாம்" என்று அவன் அவள் தோளைத் தொட்டான்.

அவள் கையை உதறிவிட்டு வண்டியில் ஏறினாள். அவனும் ஏறுவதற்கு வண்டியோரம் வந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"வேம்புலி, இவுரு வரவேணாம்னு சொல்லு" என்றாள்.

வேம்புலி திகைத்துப்போய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று பேரும் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள்.