துண்டுக்கடியில் இருந்த கை

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையின் எல்லாக் கமிஷன் கடைகளிலும் துண்டுக்கடியில் இருந்தது ஒரே கை. கையோடு ஆள் கிடையாது. இந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போர்த்தி, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பேசியதை வெளியே சொல்வது கேவலம். அந்தக் கௌரவம்தான் குடியைக் கெடுத்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று கடைகளை வாங்க ஆரம்பித்த வருடம் அதன் கை எல்லோரையும்விடக் கூடுதலாகவே கொடுத்தது. போட்டி போட முடியாத வியாபாரிகள் ஒருவர் பின் ஒருவராகக் கடையை விற்றார்கள். கடைசிக் கடையும் போனபின் கை விரல்களை மடக்கி விலையைக் குறைக்கத் தொடங்கியது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து காய் கொண்டுவந்த ஒவ்வொரு விவசாயியும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

கீழப்பாவூர் சங்கரேஸ்வரிக்குக் கத்தரி வயல் ஒன்றுதான் சோறு. கட்டுபடியாகவில்லை என்றால் வயலைக் கம்பெனிக்கே கொடுத்துவிடும்படி ஆள் வந்து கேட்டுப் போனது. ஒருநாள் விலை படியாமல் மூட்டையோடு அடுத்த கடைக்குப் போனாள். அங்கேயும் நகம் பிளந்த அதே கட்டைவிரல். துண்டை உருவி எறிந்தாள்.

"அண்ணாச்சி, எல்லாக் கடையிலயும் ஒரே கைதான் கெடக்கு! ஒங்களுக்கு என்ன வெல குடுக்குது, வாயத் தொறந்து சொல்லுங்க!"

மூட்டையோடு நின்ற மற்ற விவசாயிகள் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே அடிமாட்டு விலை.

மனுவோடு தென்காசி கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி போனில் பேசிக்கொண்டிருக்க, மேஜைக்கடியிலிருந்து அந்தக் கை நீண்டு மனுவை வாங்கிக்கொண்டது. தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்த இரண்டு கட்சிக்காரர்களும் கும்பிட்டார்கள். இருவருக்கும் ஒரு கட்டைவிரலில் நகம் பிளந்திருந்தது. எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடிச் சாரலில் கைக்குச் சுளுக்கு பிடித்தது. சந்தையில் ஒரு காய் நகரவில்லை. தக்காளி நீர்விட்டது, கத்தரி சுருங்கியது, சிவகிரியிலிருந்து வந்த டெம்போக்கள் ரோட்டிலேயே நின்றன. வாங்க வேறு ஆளே ஊரில் இல்லை.

"ஒடிச்சிருவமா மதினி?" என்றான் லோடுமேன் மாடக்கண்ணு.

"ஒடிச்சிட்டா நாளைக்குக் கத்தரிக்காய ஒங்கப்பனா வாங்குவான்லே?"

குற்றாலத்துக்குப் போய், சீசன் கூட்டத்தில் இடிபட்டு, அருவிக்கரைக் கடையில் மூலிகை எண்ணெய் வாங்கி வந்தாள் சங்கரேஸ்வரி. கையை மடியில் கிடத்தி, வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே நீவிவிட்டாள். சுளுக்கு எடுபட்டது.

மறுநாள் காலை துண்டுக்கடியில் அது அவளைத்தான் முதலில் கூப்பிட்டது. எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. போன வாரத்தைவிட ஒரு விரல் குறைத்துப் பிடித்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.