படியேறி வந்த எலிகள்

1
இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம், லிஃப்ட் பழுதானது. சத்தியமாக.

என் அக்கா எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். இருட்டுப் பெட்டிக்குள் நுழையும் எலிக்கு லேசாக ஷாக் கொடுத்து, கையோடு ஒரு மருந்தும் போடுவாள். மறுநாள் அது எதுவும் நடக்காததுபோல அதே பெட்டிக்குள் போகும். மருந்து நினைவையே அழித்துவிடுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. ஆறு வருட உழைப்பு.

2
அக்கா கண்ணீர் மல்க, சோதனைக்கூடத்தின்
(இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, சிரித்தாள்.)

லிஃப்ட் ஓடாததால், எலிகளைப் பராமரிக்கும் ஊழியர் கூண்டுகளை நான்கு மாடியும் படியேறித் தூக்கி வந்திருக்கிறார். படிக்குப் படி குலுங்கல். அன்று, மறந்திருக்க வேண்டிய எலிகள் பெட்டி வாசலிலேயே நின்றுவிட்டன.

"பயத்துல ஹார்மோன் சுரந்திருக்கு. அது பழசைக் கிளறி விட்டிருச்சு போல" என்றாள் அக்கா.

"குலுங்கின பயத்துலயே நின்னிருக்கலாமே?"

"ஷாக்கே வாங்காத எலிங்களும் அதே படியிலதான்டா வந்துச்சு. ஜாலியா உள்ள போயிருச்சே!"

"அப்ப மருந்து எதையும் அழிக்கலையா?"

"நினைவு உள்ளயேதான் இருக்கோ என்னவோ. எலியால எடுக்க முடியல, அவ்வளவுதான்."

(ஓரக் குறிப்பு: நன்றாக நினைவிருக்கும் எலிக்கு இதே ஹார்மோன் எக்கச்சக்கமாகச் சுரந்தால், தெரிந்ததும் மறந்துபோகுமாம். பரீட்சை ஹாலில் நான் பேந்தப் பேந்த விழித்ததற்கு இப்போதுதான் காரணம் கிடைத்தது.)

3
முடிவு ஒன்று: "லிஃப்ட் ரிப்பேர்னு போட்டு அந்த நாளைத் தூக்கிடும்மா" என்கிறார் பேராசிரியர். தூக்கிவிடுகிறாள். பட்டம். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் எழுதி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கைதட்டுறவங்க வந்து கூண்டு கழுவுவாங்களாமா?" என்றாள்.

4
இன்று லிஃப்ட் ஓடுகிறது, குலுங்கல் இல்லை. அக்கா மருந்து போட்ட எலி ஒன்றுக்கு அந்த ஹார்மோனை மட்டும் ஊசியில் ஏற்றினாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் அவளோடு உட்கார்ந்திருக்கிறேன். எலி உள்ளே போனால் ஆறு வருடம் தப்பும். நின்றால் அவ்வளவும் போச்சு.

"உனக்கு எது வேணும்க்கா?"

"நேத்து வரைக்கும் உள்ள போகணும்னு இருந்துச்சு. இப்ப என்ன பண்ணுதுன்னு பாத்தா போதும்டா. சும்மா இரு."

அவள் முகத்தைப் பார்த்தபின் இரண்டு முடிவுகளையும் கிழித்துவிட்டேன். அவளுக்கே தெரியாததை நான் எப்படி எழுதுவது? இந்த வாக்கியத்தை மட்டும் விட்டுப்போகிறேன், உங்களுக்குத் துணிவிருந்தால் முடித்துவையுங்கள்:

எலி வாசலில் மூக்கை நீட்டி, முன்காலைத் தூக்கி