கவனிக்கத்தக்க நலம்

நாட்டிலுள்ள வங்கிகள் எப்படி இருக்கின்றன என்று வருடத்துக்கு ஒரு முறை ஜனங்களுக்குச் சொல்லவேண்டிய அலுவலகம் அது. எப்படி இருந்தாலும் அது சொல்வது ஒன்றுதான்: நலம், மிக நலம், மிக மிக நலம். மூன்றாவது ‘மிக’ போட்டால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம்.

அங்கே பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டிவந்த தணிக்கையாளருக்கு இந்த முறை பெரிய சங்கடம். அவர் தணிக்கை செய்த வங்கி, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை அடைக்க அதைவிடப் புதுக் கடன். வாங்கியவர்கள் சல்லிக்காசு கட்டவில்லை. கணக்கிலோ எல்லோரும் உத்தமர்கள். வாசலில் ‘அதிக வட்டி’ என்று ஆளுயரப் பலகை வேறு.

முப்பது வருடம் நர்ஸாக உழைத்து ஓய்வு பெற்ற அவருடைய அக்கா, அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அவரிடம் வந்து நின்றாள்.

“எந்த பேங்க்லடா போடலாம்? இருக்கிறதே இந்தப் பணம்தான்.”

“நான் வாயைத் திறந்தா வேலை போயிடும்க்கா. அடுத்த வாரம் அறிக்கை வருது. படிச்சிட்டுப் போடு.”

அவளை நினைத்துத்தான் ‘இந்த வங்கி ஆட்டம் கண்டிருக்கிறது’ என்று பச்சையாக எழுதிக்கொடுத்தார். மேலதிகாரி பதறிப்போனார்.

“ஆட்டமா? நாளைக்கே ஜனங்க பணத்தை எடுக்க வரிசையில வந்து நிப்பாங்க!”

“அப்ப ‘நலம்’னு எழுதணுமா சார்?”

“சேச்சே, பொய் எழுதலாமா? ‘கவனிக்கத்தக்க நலம்’னு போடுங்க. புரியவேண்டியவங்களுக்குப் புரியும்.”

தணிக்கையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பதவி உயர்வுப் பட்டியல் அந்த மேலதிகாரியின் மேஜையில்தான் இருந்தது. அக்கா விவரமானவள், புரிந்துகொள்வாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை வந்த நான்காம் நாள் அக்கா ஃபோன் செய்தாள்.

“ஒரு வரி விடாம படிச்சேன்டா! மத்ததுக்கெல்லாம் நலம், மிக நலம்னு சப்புன்னு போட்டிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கவனிக்கத்தக்க நலம். மொத்தத்தையும் அதுலயே போட்டுட்டேன். அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாதாம், இருக்கட்டுமே. கூட வேலை பார்த்த எட்டு பேரையும் சேர்த்துவிட்டேன்.”

அவருக்கு வேலை போனால் போகட்டும் என்ற வீரம் அப்போதுதான், ஒரு வாரம் தாமதமாக, வந்து சேர்ந்தது.

“அக்கா, அது பாராட்டு இல்ல. அந்த பேங்கைக் கவனிக்கணும்னு அர்த்தம்.”



“நாங்க வார்டுல ஒருத்தரைக் கவனிக்கணும்னு எழுதினா, பக்கத்துலயே ஒரு ஆளை உக்கார வெப்போம்டா. நீங்க யாரை உக்கார வெச்சீங்க?”

உட்கார வைத்திருந்த ஆள் அவர்தான்.